காசில்லாச் சீட்டு பிறந்த கதை

விலையே போடாத ஒரு துண்டுக் காகிதத்துக்காகத் தமிழ்நாடு அரசு 2025–26 நிதிநிலை அறிக்கையில் 3,600 கோடி ரூபாய் ஒதுக்கியது. நகரப் பேருந்தில் ஏறும் பெண்களுக்கு நடத்துநர் கிழித்துக் கொடுக்கும் கட்டணமில்லாப் பயணச்சீட்டுதான் அது. வாங்கியவர் அதைச் சுருட்டி ஜன்னல் இடுக்கில் சொருகுவார், அல்லது பர்சில் போட்டு மறந்துபோவார். இறங்கும்போது காலடியில் நூறு சீட்டு மிதிபடும். அந்தச் சீட்டு ஏன் பிறந்தது, யாருக்காகப் பிறந்தது என்று கேட்டால் வரும் பதில் கொஞ்சம் விசித்திரமானது. பெண்களுக்கு அது தேவையே இல்லை. கணக்கு எழுதுகிறவருக்குத்தான் தேவை.

இந்தக் கதையை விழுப்புரத்திலிருந்து சொல்வதற்குக் காரணம் உண்டு. சென்னையில் பஸ் இல்லையென்றால் மின்சார ரயில், மெட்ரோ, ஷேர் ஆட்டோ என்று ஏதாவது ஒன்று கிடைத்துவிடும். விழுப்புரம் மாவட்டத்தில் அந்த வசதி இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், கள்ளக்குறிச்சி பிரிவதற்கு முந்தைய பெரிய மாவட்டத்தில் ஏறத்தாழ 34.6 லட்சம் பேர். அவர்களில் நூற்றுக்கு 85 பேர் கிராமத்தில் இருந்தவர்கள். விழுப்புரம் ஜங்ஷனில் சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து திசைக்குத் தண்டவாளம் பிரிகிறது. ஆனால் காணையிலோ கெடாரிலோ செஞ்சியிலோ இருப்பவருக்கு அதனால் அன்றாடப் பயன் கிடையாது. அவருக்குப் பஸ் வந்தால்தான் ஊர் உலகத்தோடு சேரும்.

விழுப்புரத்துக்கென்று அரசு போக்குவரத்துக் கழகம் வந்தது 1975 ஜனவரி 16 அன்று. அதற்கு மூன்று ஆண்டுக்கு முன்பே சென்னைக்குப் பல்லவன், மதுரைக்குப் பாண்டியன், கோவைக்குச் சேரன், கும்பகோணத்துக்குச் சோழன் என்று மன்னர் பெயரில் கழகங்கள் தொடங்கிவிட்டன. தென்னாற்காடு, வடஆற்காடு பக்கத்துக்கு வந்தபோது மன்னர் யாரும் அகப்படவில்லையோ என்னவோ, தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் என்று பெயர் வைத்தார்கள். பெண் விடுதலைக்காக வாழ்நாள் முழுக்க வாதாடியவரின் பெயர், பின்னாளில் பெண்கள் காசில்லாமல் ஏறப்போகும் பஸ்ஸின் பக்கவாட்டில் 22 ஆண்டு இருந்தது. அது நீடிக்கவில்லை. 1997இல் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு கழகம் தொடங்கியபோது தென் மாவட்டங்களில் சாதிக் கலவரம் மூண்டது. இதற்கு ஒரு முடிவு கட்ட அரசு எல்லாத் தலைவர் பெயரையும் ஒரேயடியாக எடுத்தது. அன்றிலிருந்து இது தமிழ்நாடு அரசு போக்குவரத்துக் கழகம் (விழுப்புரம்) லிமிடெட்.

அந்த ‘லிமிடெட்’ நம் கதைக்கு முக்கியம். பஸ்ஸை ஓட்டுவது அரசுத் துறை என்று நாம் நினைக்கிறோம். சட்டப்படி அது கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவான நிறுவனம். டீசலுக்கும் டயருக்கும் சம்பளத்துக்கும் அது தன் கலெக்ஷனிலிருந்து கொடுக்க வேண்டும். அரசு ஒருவருக்கு இலவசம் என்று சொன்னால் அந்தக் காசை அரசு கம்பெனிக்குத் தர வேண்டும். எத்தனை பேர் ஏறினார்கள் என்று காட்டாமல் எந்தக் கம்பெனியும் பணம் கேட்க முடியாது, எந்தத் தணிக்கையும் அதை ஒப்புக்கொள்ளாது.

முன்பே இலவசம் உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பஸ் பாஸ் இருக்கிறதே! ஆனால் பாஸ் காட்டும் பிள்ளைக்குச் சீட்டு கிழிப்பதில்லை. ‘பாஸ்’ என்று குரல் கொடுத்தால் கண்டக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுவார். ஆண்டுக்கு எத்தனை பாஸ் கொடுத்தோம் என்பதுதான் தெரியும். அந்தப் பிள்ளை எத்தனை நாள் பஸ் கிடைத்து ஏறியது, எத்தனை நாள் படியில் இடமில்லாமல் நடந்து போனது என்பது எந்த ஏட்டிலும் ஏறவில்லை. பெண்களுக்கான திட்டமும் அந்த வழியில் போயிருக்கலாம். ஓர் அட்டை கொடுத்து, காட்டினால் போதும் என்று விட்டிருக்கலாம். அப்படிச் செய்யாமல் ஏறும்போதெல்லாம் ஒரு சீட்டு என்று வைத்ததால்தான் இந்தக் கதையே இருக்கிறது.

2021 மே 7 அன்று மு.க. ஸ்டாலின் முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். அன்று கையெழுத்திட்ட முதல் ஐந்து கோப்புகளில் ஒன்று, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது. மறுநாளே, மே 8 அன்று, நடைமுறைக்கு வந்தது. அதனால் ஏற்படும் இழப்புக்கு ஆண்டுக்கு 1,200 கோடி ரூபாய் ஈடு செய்வதாக அரசு சொன்னது.

அப்போது கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தது. மே 10 அன்று முழு ஊரடங்கு வந்து பஸ்கள் டெப்போவுக்குள் போய்விட்டன. ஆக, பெரும் விளம்பரத்தோடு பிறந்த திட்டத்துக்கு ஆயுசு இரண்டே நாள் என்கிற மாதிரி ஆனது. சென்னை உள்ளிட்ட நான்கு மாவட்டங்களில் ஜூன் 21 அன்று பஸ் ஓடத் தொடங்கியது. விழுப்புரம் உள்ளிட்ட 23 மாவட்டங்களுக்கு ஒரு வாரம் கழித்து, ஜூன் 28 அன்று அனுமதி வந்தது. இதற்கிடையே ஜூன் மாதத்தில் திருநங்கைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும், அவர்களோடு வரும் உதவியாளருக்கும் இந்தச் சலுகை நீண்டது. ஜூலையில்தான் சீட்டு கைக்கு வந்தது.

சீட்டு இல்லாத அந்த இடைநாட்களில் என்ன நடந்திருக்கும் என்று ஒரு கண்டக்டரின் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஸ்டேஜ் வரும்போதும் அவர் சீட்டுக்கட்டின் எண்ணைக் குறித்து இன்வாய்ஸில் ஸ்டேஜ் க்ளோஸ் பண்ண வேண்டும். வழியில் செக்கிங் ஏறினால் வண்டியில் எத்தனை தலை, எத்தனை சீட்டு என்று ஒத்துப் பார்ப்பார்கள். வண்டியில் பாதிப் பேருக்குச் சீட்டே இல்லையென்றால் எதை எதோடு ஒத்துப் பார்ப்பது? காசு கொடுத்த ஆணுக்குச் சீட்டு கிழிக்காமல் விட்டிருந்தால் அது எப்படி வெளியே தெரியும்? பெண்களுக்குப் பயணத்தைச் சும்மா விட்டாலும் சீட்டைச் சும்மா விட முடியாது.

புதுச் சீட்டு வந்த நாட்களில் கிராமத்து வண்டிகளில் நடந்த பேச்சு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“காசுதான் வாணாமே, அப்புறம் எதுக்குப்பா சீட்டு?”

“வாங்கி வெச்சுக்க ஆயா. செக்கிங் வந்தா உன்ன ஒண்ணும் கேக்க மாட்டான். எனக்குத்தான் மெமோ.”

“குடு, குடு. பேத்திக்கும் ஒண்ணு குடு.”

மூன்று வரியில் விஷயம் முடிந்துவிட்டது. சீட்டு பயணிக்கு உரிமைப் பத்திரமாக வரவில்லை, கண்டக்டரின் தலையைக் காப்பாற்றும் சாட்சியாக வந்தது. பெண், திருநங்கை, மாற்றுத்திறனாளி, உதவியாளர் என்று சீட்டில் நான்கு வகை. கணக்கு எழுதும்போது யார் யார் எத்தனை என்று பிரிய வேண்டும் அல்லவா!

இந்தச் சீட்டுக்கு வடக்கே ஓர் அக்கா உண்டு. டெல்லியில் 2019 அக்டோபர் 29 அன்று, சகோதர சகோதரிகளின் விழாவான பாய் தூஜ் நாளில், பெண்களுக்கு இளஞ்சிவப்புச் சீட்டு கொடுக்கத் தொடங்கினார்கள். ஒரு சீட்டுக்குப் பத்து ரூபாய் என்று டெல்லி அரசு போக்குவரத்துக் கழகத்துக்குக் கொடுத்தது. தமிழ்நாட்டுக்குப் பின்னால் கர்நாடகம் 2023 ஜூனில், தெலங்கானா அதே ஆண்டு டிசம்பரில், ஆந்திரம் 2025 ஆகஸ்டில் என்று தெற்கே வரிசையாக வந்தன. ஐரோப்பாவில் வேறு மாதிரி. லக்ஸம்பர்க் நாட்டில் 2020 பிப்ரவரி 29 முதல் எல்லாருக்கும் எல்லா பஸ்ஸும் ரயிலும் இலவசம். ரயிலில் முதல் வகுப்புக்கு மட்டும் காசு. மற்றபடி சீட்டு என்ற பொருளே அங்கே போய்விட்டது. எஸ்தோனியாவின் தலைநகர் தாலினில் 2013 முதல் நகரவாசிகளுக்கு இலவசம். ஆனால் ஏறும்போது பச்சை அட்டையைக் கருவியில் தொட வேண்டும். காசு வாங்காவிட்டாலும் எண்ணாமல் விடக்கூடாது என்பதில் தாலினும் திண்டிவனமும் ஒரே கட்சி.

எண்ணத் தொடங்கியதும் என்ன தெரிந்தது? நகரப் பேருந்தில் ஏறுவோரில் பெண்கள் முன்பு நூற்றுக்கு 40 பேர் அளவில் இருந்தார்கள். அது 60ஐத் தாண்டிவிட்டது என்று அரசின் கணக்கு சொன்னது. மாநிலத் திட்டக் குழு நாகப்பட்டினம், மதுரை, திருப்பூர் மாவட்டங்களில் ஆய்வு செய்து, ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்றது. விழுப்புரம் அந்தப் பட்டியலில் இல்லை என்பது எனக்குக் குறைதான். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறவரும், மயிலம் பக்கத்திலிருந்து திண்டிவனத்துக்குக் கூடையில் காய் கொண்டுபோகிறவரும் மிச்சம் பிடிப்பது ஒரே கணக்கில் வராது.

எனக்கு இவற்றைவிடப் பெரிதாகப் படுவது இன்னொரு வரிசை. முதலில் அரசு போட்ட மதிப்பு 1,200 கோடி. 2022–23இல் 1,520 கோடி. அடுத்த ஆண்டு 2,800 கோடி. அதற்கடுத்து 3,050. பிறகு 3,600. நான்கு ஆண்டில் மூன்று மடங்கு! பஸ் அந்த அளவு பெருகிவிடவில்லை. வெளியே போக வேண்டும் என்று எத்தனை பெண்கள் வீட்டில் இருந்தார்கள் என்பதை அரசு முதலில் ஊகித்தது, பிறகு எண்ணியது. ஊகத்துக்கும் எண்ணிக்கைக்கும் இடையே விழுந்த பள்ளம்தான் இந்த வித்தியாசம். நாலு ரூபாய்ச் சீட்டுக்காக யாராவது பயணத்தைத் தள்ளிப்போடுவார்களா என்று கேட்டவர்களுக்குப் பதில் நிதிநிலை அறிக்கையிலேயே இருக்கிறது.

மெய்யாகவே குறைந்தபட்சக் கட்டணம் நாலு ரூபாய்தான். 2018 ஜனவரியில் கட்டணத்தை ஏற்றி, எதிர்ப்பு வந்ததும் அதே மாதக் கடைசியில் ஐந்தை நாலாகக் குறைத்தார்கள். போக நாலு, வர நாலு என்றால் சின்னக் காசுதான். ஆனால் கிராமத்து வீட்டில் அந்தச் சின்னக் காசைக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. கேட்டால் எங்கே, எதுக்கு, எப்ப வருவ என்று மூன்று கேள்வி வரும். சீட்டு வந்த பிறகு கேள்வி போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். கேட்பதற்கு ஒரு சாக்கு குறைந்தது.

எதிர்க்குரல் எழுந்ததும் இந்தப் பக்கத்திலிருந்துதான். 2022 செப்டம்பரில், விழுப்புரத்தைச் சேர்ந்தவரும் அப்போதைய உயர்கல்வித் துறை அமைச்சருமான க. பொன்முடி, ஒரு நிகழ்ச்சியில் பெண்கள் ஓசியில் பஸ்ஸில் போவதாகப் பேசியது பெரிய சர்ச்சை ஆனது. சில நாளில் கோவைப் பக்கம் ஒரு மூதாட்டி, ஓசியில் வர மாட்டேன், காசை வாங்கிக்கொள் என்று கண்டக்டரிடம் மல்லுக்கு நின்ற காணொளி ஊரெல்லாம் சுற்றியது. இரண்டு தரப்பும் கவனிக்காதது ஒன்று: அந்தச் சீட்டுக்கான பணம் கழகத்துக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. அந்த மூதாட்டி ஏறியதால் கழகத்துக்கு நட்டம் இல்லை. அவர் ஏறியதாகக் கணக்கு எழுதாமல் விட்டால்தான் நட்டம்.

சரி, இந்தச் சீட்டு எங்கே செல்லாது?

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே 40 கிலோமீட்டருக்குள்தான். நான்கு வழிச் சாலை. சென்னை, திருச்சி வண்டிகள் நிமிடத்துக்கு ஒன்றாகப் பறக்கின்றன. இரண்டு ஊரில் எதிலிருந்து பார்த்தாலும் பஸ் வசதிக்குக் குறைவில்லை என்றே தோன்றும். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை புறநகர் வண்டி. அங்கே பெண்ணும் காசு கொடுத்துத்தான் போக வேண்டும். சாதாரணப் புறநகர் வண்டிக் கட்டணம் கிலோமீட்டருக்கு 58 காசு என்று வைத்தால் போக 23, வர 23. பயணிகள் ரயில் இன்னும் சல்லிசு. ஆனால் ஒரு நாளைக்கு வருவதை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதுவும் உங்களுக்கு வேண்டிய நேரத்தில் வராது.

நகரப் பேருந்து என்று பெயர் இருந்தாலும் அது ஓடுவது பெரும்பாலும் கிராமத்துக்குத்தான். விழுப்புரத்திலிருந்து வளவனூர், காணை, விக்கிரவாண்டி திசைகளிலும், திண்டிவனத்திலிருந்து ஒலக்கூர், தீவனூர், பிரம்மதேசம் திசைகளிலும் அது கிளை பிரிகிறது. ஊரிலிருந்து தாலுகா ஆபீசுக்கும் சந்தைக்கும் போய்வர அது போதும். மாவட்டத்தின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போக வேண்டியவருக்கு நடுவழியில் போர்டு மாறிவிடும். திண்டிவனம் பக்கத்துப் பெண் விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு கொடுக்கப் போனால், வீட்டிலிருந்து திண்டிவனம் வரை இலவசம். அதற்கு மேல் கைக்காசு.

முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. விழுப்புரத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் நடுவே, நெடுஞ்சாலையை ஒட்டி. 2010இல் கல்லூரி தொடங்கியதிலிருந்து மாவட்டத்துக்கே அதுதான் பெரிய ஆஸ்பத்திரி. கண்டாச்சிபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து சர்க்கரை மாத்திரை வாங்கப் போகும் அம்மாவை எடுத்துக்கொள்வோம். ஊரிலிருந்து விழுப்புரத்துக்கு ஒரு வண்டி, அங்கிருந்து முண்டியம்பாக்கத்துக்கு இன்னொன்று, திரும்ப இரண்டு. எல்லாம் நகரப் பேருந்தாகவே அமைந்துவிட்டால் நான்கு சீட்டு. ஏட்டில் அது நான்கு பயணம். அவரைக் கேட்டால், “ஆஸ்பத்திரிக்கு ஒருக்கா போயிட்டு வந்தேன், நாள் பூரா போச்சு” என்பார். நேரடி வண்டி ஒன்று விட்டால் அவருக்கு அரை நாள் மிச்சம். ஏட்டில் எண்ணிக்கை பாதியாகக் குறையும். சேவை மேம்பட்டால் எண் குறைகிற இந்த விசித்திரத்தை அந்தச் சீட்டு தன்னாலே சொல்லாது.

அது சொல்லாத இன்னொன்றும் உண்டு. ஏறியவரை எண்ணுகிறது, ஏற முடியாதவரை எண்ணவில்லை. பெண்கள் கூட்டமாக நிற்பதைப் பார்த்து நிறுத்தத்துக்கு நூறடி தள்ளி நிறுத்தும் டிரைவர், பின்னால் வரும் வண்டியில் வா என்று கைகாட்டும் கண்டக்டர், ஆள் பற்றாக்குறையால் டிரிப் கட் ஆன மத்தியான நடை — இவற்றுக்கெல்லாம் சீட்டு கிடையாது. ஓடாத பஸ்ஸில் காசில்லாச் சீட்டுகூடக் கிழியாது. சீட்டு அச்சடிக்கும் கையடக்கக் கருவியில் ஏறிய இடமும் இறங்கும் இடமும் நேரமும் அச்சானாலும் இந்த ஓட்டை அடையாது. ஏனென்றால் கருவியும் பஸ்ஸுக்குள்தான் இருக்கிறது.

போக்குவரத்து வசதியை அளக்க உலகத்தில் வேறு முழக்கோல்கள் இருக்கின்றன. ஐக்கிய நாடுகள் சபையின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் 11ஆவது நகரங்களைப் பற்றியது. பஸ் நிறுத்தம் 500 மீட்டருக்குள் இருக்கிறதா, ரயில் போன்றவை ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கின்றனவா என்று அது கேட்கிறது. லண்டனில் ஹாமர்ஸ்மித்–ஃபுல்ஹாம் பகுதி நிர்வாகம் 1992இல் ஒரு கணக்கை உருவாக்கியது. வீட்டிலிருந்து நிறுத்தத்துக்கு நடக்கும் நேரத்தோடு, வண்டிக்காகக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து ஒவ்வோர் இடத்துக்கும் பூஜ்யத்திலிருந்து ஆறு வரை மதிப்பெண் போடுவார்கள். பின்னர் லண்டன் முழுக்க அதைப் பயன்படுத்தினார்கள்; எங்கே எவ்வளவு வீடு கட்டலாம், எத்தனை கார் நிறுத்த இடம் விடலாம் என்பதற்கே அந்த மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள்.

இந்த இரண்டையும் மேல்மலையனூர் தாலுகாவுக்கு எடுத்துவந்தால் என்ன ஆகும்? ஐ.நா. கணக்குப்படி பல ஊர்கள் பாஸ். நிழற்குடை ஊர் நடுவிலேயே இருக்கும். சட்டமன்ற உறுப்பினர் நிதியில் கட்டியது, பெயரும் பெரிதாக எழுதியிருக்கும். பஸ்தான் நாளைக்கு மூன்று தடவை வரும். லண்டன் கணக்குப்படி பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கும். நான்கு மணி நேரத்துக்கு ஒரு வண்டி என்றால் சராசரியாக இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று அது கணக்குப் போடும். ஆனால் எங்கள் பக்கம் யாரும் போய் நின்று வண்டி வரட்டும் என்று காத்திருப்பதில்லை. ‘ஏழரை வண்டி’, ‘பதினொரு மணி வண்டி’, ‘சாயங்கால வண்டி’ என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. ராத்திரி ஊரிலேயே தங்கி விடிகாலையில் புறப்படுவது ஹால்ட் வண்டி. பூக்காரர், பால்காரர், கட்டட வேலைக்குப் போகிறவர் எல்லாருக்கும் அதுதான் உயிர்நாடி. ஏழரை வண்டி அன்றைக்கு வரவில்லையென்றால் காத்திருக்கும் நேரம் இரண்டு மணி ஆகாது. அன்றைய கூலியே போய்விடும். கடைசி வண்டி போய்விட்டால் திண்டிவனத்திலேயே யார் வீட்டிலாவது படுக்க வேண்டியதுதான். பெண்ணாக இருந்தால் மறுநாள் காலையில் வேலையையே விடச் சொல்லி வீட்டில் பேச்சு தொடங்கும்.

ஆக, கிராமத்துக்கு அளக்க வேண்டியது தூரமும் இல்லை, சராசரியும் இல்லை. குறிப்பிட்ட வண்டி, குறிப்பிட்ட நேரத்துக்கு, இந்த மாதத்தில் எத்தனை நாள் வந்தது என்பதுதான். டெப்போவில் அந்தக் கணக்கு கட்டாயம் இருக்கும். எந்த நடை ஓடியது, எது கட் ஆனது என்று எழுதாமல் டீசல் கணக்கை முடிக்க முடியாது. சீட்டுக் கணக்கைக் கோடிக்கணக்கில் அறிவிக்கிறார்கள். நடைக் கணக்கை ஊர்வாரியாக யாரும் அறிவித்து நான் பார்த்ததில்லை.

அரசு ஒரு முறை வேறு பக்கத்திலிருந்து அளக்கப் பார்த்தது. அதுதான் மினி பஸ். 1997இல் மு. கருணாநிதி ஆட்சியில் வந்த திட்டத்தின் விதி எளிமையானது: பஸ் போகாத பாதையில் 16 கிலோமீட்டர், போகும் பாதையில் 4 கிலோமீட்டர் என்று தனியாருக்கு அனுமதி. எங்கே பஸ் இல்லையோ அதையே அலகாக வைத்தது நல்ல யோசனை. ஆனால் ஆள் இல்லாத 16 கிலோமீட்டரில் டீசல் போட்டு ஓட்டிக் கட்டுப்படியாகவில்லை. பல வண்டிகள் காசு வரும் நான்கு கிலோமீட்டரிலேயே சுற்றிச் சுற்றி வந்தன, பல நின்றேபோயின. இருபது ஆண்டுக்கு மேல் கழித்து விதியைத் திருத்தினார்கள். மொத்தம் 25 கிலோமீட்டர், அதில் 65 விழுக்காடாவது பஸ் போகாத பாதை. 2025 ஜூன் 16 அன்று தஞ்சாவூரில் முதலமைச்சர் அதைத் தொடங்கிவைத்தார்.

இங்கே ஒரு முரண். மினி பஸ் தனியாருடையது. புதிய திட்டம் தொடங்கியபோது காசில்லாச் சீட்டு அதில் செல்லவில்லை. பஸ்ஸே போகாத ஊர்ப் பெண் முதன்முதலில் வாசலுக்கு வந்த வண்டியில் காசு கொடுத்து ஏறினார். ஏற்கெனவே பஸ் வசதி உள்ள ஊர்ப் பெண் சும்மா ஏறினார். யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. ஒரு திட்டம் ஆளை எண்ணுகிறது, இன்னொன்று கிலோமீட்டரை எண்ணுகிறது. இரண்டு ஏடும் ஒரே மேசைக்கு வராததால் வந்த வினை.

ஏற முடியாதவர்களின் கணக்கு அந்தச் சீட்டில் இல்லை என்று முன்னால் சொன்னேன். ஓர் இடத்தில் இருக்கிறது. திங்கட்கிழமைதோறும் விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம் நடக்கும். பட்டா, முதியோர் உதவித்தொகை, ரேஷன் அட்டை மனுக்களுக்கு நடுவே ‘எங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்த பேருந்து நிறுத்தப்பட்டதால்’ என்று தொடங்கும் மனுவும் வரும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சீருடையோடு வந்து கொடுப்பதும் உண்டு. ஊர் பெயர், தடம், நேரம், எத்தனை நாளாக வரவில்லை, எத்தனை பிள்ளைகள் நடக்கிறார்கள் எல்லாம் அதில் எழுதியிருக்கும். ஒவ்வொரு மனுவுக்கும் ஓர் எண் போட்டு ஒப்புகைச் சீட்டும் தருகிறார்கள். அதற்கும் காசு கிடையாது. பிறகு மனு போக்குவரத்துக் கழகத்துக்குப் போகும், அங்கிருந்து டெப்போவுக்குப் போகும், ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்ததும் கோப்பு மூடப்படும். அந்த மனுக்களை மட்டும் பிரித்தெடுத்து, ஊர்வாரியாக அடுக்கி, டெப்போவின் டிரிப் கட் கணக்கோடும் காசில்லாச் சீட்டுக் கணக்கோடும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு எழுத்தர், ஒரு கணினி, ஒரு வாரம் போதும்.